மேசன், தச்சுப் பயிற்சி: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு தோட்டங்களில் ஒரு பேச்சு கிளம்பும்: "சும்மா இருக்காம கொழும்புக்குப் போ, மாமா வேலை செய்யிற சைட்டில ஒரு இடம் இருக்காம்." போகிற பையன் கையாளாகப் போகிறான். பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் கையாளாகவே இருப்பான். உழைப்பில் அவனிடம் குறை இருக்காது. பிளானைப் பார்த்து அளவு எடுக்கவும், எத்தனை மூடை சீமெந்து தேவை என்று எழுதிக் கொடுக்கவும் யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். கீழே உள்ளவை நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்.

சா/த-வில் கணிதம் சித்தியில்லை. சேர முடியுமா?

முடியும். மேசன், தச்சு, கம்பி கட்டுதல், வர்ணம் பூசுதல் போன்ற கைத்தொழில் பாடநெறிகள் பலவற்றுக்கு சா/த சித்தி கட்டாயமில்லை. இடத்துக்கு இடம் நிபந்தனை மாறும் என்பதால் விண்ணப்பப் படிவத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். படவரைஞர், கணிய அளவையியல் (பொருள், செலவுக் கணக்குப் போடும் படிப்பு) போன்றவற்றுக்குத்தான் சா/த-வில் கணிதம் உட்படச் சில பாடங்களில் சித்தி கேட்பார்கள்.

ஆனால் கணிதம் உங்களை விட்டுப் போய்விடாது. 10 அடிக்கு 10 அடி சுவர் ஒன்று கட்ட எத்தனை புளொக் கல் வேண்டும்? கல்லின் முகம் 16 அங்குலத்துக்கு 8 அங்குலம் என்றால் ஒரு சதுர அடிக்கு 1.125 கல். 100 சதுர அடிக்கு 112 அல்லது 113. உடைசலுக்கும் சேர்த்து 120 சொல்லி வைக்கலாம். வகுப்பில் கணிதம் என்றால் பயந்த பையன்கள் இந்தக் கணக்கை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வதைப் பார்க்கலாம், கையில் கல் இருக்கிறதல்லவா. மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க 3-4-5 முறை என்று சொல்வார்கள்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். வராவிட்டால் மூலை பிசகு. பள்ளிக்கூடத்தில் பைதகரஸ் என்று மனப்பாடம் செய்தது இதைத்தான்.

எங்கே போய்ப் படிப்பது?

அரசாங்கப் பக்கம் முக்கியமாக மூன்று வாசல்கள்.

முதலாவது, தொழில்நுட்பக் கல்விப் பயிற்சித் திணைக்களத்தின் கீழ் வரும் தொழில்நுட்பக் கல்லூரிகள். மலையகத்துக்குக் கண்டி, பதுளை இரண்டும் பெரியவை. சான்றிதழ் மட்டத்தோடு நிற்காமல் டிப்ளோமா வரை போகலாம்.

இரண்டாவது, 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தொழிற்பயிற்சி அதிகார சபை. இதன் நிலையங்கள் சிறியவை, ஆனால் ஊருக்குக் கிட்ட இருக்கும். வீட்டிலிருந்து போய்வர வேண்டியவர்களுக்கு இது சுகம்.

மூன்றாவது, நைட்டா என்று எல்லோரும் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை. இங்கே வகுப்பறை குறைவு. ஒரு கம்பனியிலோ ஒப்பந்தக்காரரிடமோ உங்களைப் பயிலுனராக இணைத்துவிடுவார்கள். வேலை செய்துகொண்டே கற்றுக்கொள்ளலாம். நல்ல ஒப்பந்தக்காரர் கிடைத்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. கிடைக்காவிட்டால் மணல் அள்ளியே காலம் போகும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இவை தவிர ஹட்டன் பக்கத்தில் தொண்டமான் பெயரில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களும் அவ்வப்போது குறுகிய பாடநெறிகள் நடத்துகின்றன. பாடசாலையில் இருந்துகொண்டே படிக்க விரும்பினால், 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பாடப் பிரிவு உங்கள் வலயத்தில் எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

எந்தப் பாடநெறிக்கு எப்போது விண்ணப்பம் கோருகிறார்கள் என்பதைப் பிரதேச செயலகத்தில் உள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்கலாம். அவரிடம் யாரும் போவதில்லை என்பதுதான் உண்மை.

"லெவல் 3, லெவல் 4" என்கிறார்களே, அது என்ன?

தேசிய தொழில் தகைமை என்பது ஏழு மட்டங்கள் கொண்ட ஓர் ஏணி. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். இதை நடத்துவது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு.

4ஆம் மட்டம் எடுத்தவர் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் முழு வேலையைச் செய்யக்கூடிய கைவினைஞர். அதாவது, சைட்டில் "பாஸ்" என்று கூப்பிடுகிறார்களே, அவர். 3ஆம் மட்டம் அதற்கு ஒரு படி கீழே. பல பிள்ளைகள் 3 கிடைத்ததும் வேலைக்கு ஓடிவிடுகிறார்கள். அந்த ஒரு படிக்காகக் கொஞ்சம் பொறுத்தால் நல்லது, ஏனென்றால் டிப்ளோமாவுக்குப் போகும் கதவு 4இல்தான் இருக்கிறது.

என் அப்பா இருபது வருடமாக மேசன். கையில் ஒரு காகிதமும் இல்லை. அவருக்கு வழி உண்டா?

இருக்கிறது. மலையகத்தில் அதிகம் பேருக்குப் பயன்படக்கூடிய வழியும் இதுதான். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். திரும்ப வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. செய்த வேலைகளுக்கான சான்றுகளைத் திரட்டிக் கொடுக்க வேண்டும்: கட்டிய வீடுகளின் படங்கள், வீட்டுக்காரர் அல்லது ஒப்பந்தக்காரர் தந்த கடிதம், வேலை செய்த இடங்களின் பட்டியல். பிறகு மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார், கேள்வி கேட்பார். தேறினால் வகுப்பில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ். அதில் எந்த வித்தியாசமும் இல்லை. நைட்டாவின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், ஒரு கட்டணம் உண்டு.

அனுபவசாலிகள் தடுக்கி விழும் இடம் செய்முறை இல்லை. "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்விதான். கம்பிக்கும் பலகைக்கும் இடையில் ஏன் இடைவெளி விட வேண்டும் என்று கேட்டால், "அப்படித்தான் செய்யிறது" என்பார் அப்பா. ஈரம் போய்க் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கத்தான் அந்த கொங்கிரீட் மறைப்பு என்று சொல்லத் தெரிய வேண்டும். மதிப்பீட்டுக்கு முன் வீட்டில் ஒரு பிள்ளை உட்கார்ந்து அப்பாவிடம் இப்படிக் கேள்வி கேட்டுப் பழக்கினால் போதும். தமிழில் மதிப்பீடு வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கொடுங்கள். பிறகு சொன்னால் இழுபடும்.

பாடமும் தமிழில் நடக்குமா?

சில இடங்களில் நடக்கும், பல இடங்களில் போதனாசிரியர் சிங்களத்தில்தான் பேசுவார். சேர்வதற்கு முன் "தமிழ் மொழி மூல வகுப்பு உண்டா, குறிப்புகள் தமிழில் தருவீர்களா" என்று நேரடியாகக் கேளுங்கள். விளம்பரம் மும்மொழியிலும் இருப்பதை வைத்து வகுப்பும் மும்மொழி என்று நினைத்துவிட வேண்டாம்.

அதே சமயம், சைட்டில் எல்லோரும் சிங்களம் கலந்துதான் பேசுவார்கள். பேச்சுச் சிங்களம் தெரிந்த தமிழ்ப் பையன் அங்கே இரண்டு பக்கத்துக்கும் பாலமாகிவிடுவான். மேற்பார்வையாளர் வேலை முதலில் அவனைத்தான் தேடி வரும்.

எவ்வளவு செலவாகும்?

அரச நிலையங்களில் முழுநேரக் கைத்தொழில் பாடநெறிகள் பெரும்பாலும் இலவசம். பஸ்ஸுக்குப் பருவச்சீட்டு எடுக்கலாம். உண்மையான செலவு சாப்பாடு, தங்குமிடம், பாதுகாப்புச் சப்பாத்து. மஸ்கெலியாவிலிருந்தோ பூண்டுலோயாவிலிருந்தோ கண்டிக்குத் தினமும் போய்வருவது நடக்காத காரியம். விடுதி இருக்கிறதா என்பதை முதல் நாளே விசாரியுங்கள். இடைநடுவில் விட்டுப் போகும் பிள்ளைகள் பாடம் கஷ்டம் என்று போவதில்லை, பஸ் காசு இல்லாமல்தான் போகிறார்கள்.

தனியார் நிறுவனம் ஒன்று "சர்வதேச டிப்ளோமா" தருவதாகச் சொல்கிறது. நம்பலாமா?

இரண்டு கேள்வி கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? நீங்கள் சேரும் அந்தப் பாடநெறி தர அங்கீகாரம் பெற்றதா? இரண்டும் வேறு வேறு. பதிவு பெற்ற நிறுவனத்திலேயே அங்கீகாரம் இல்லாத பாடநெறியும் நடக்கலாம். அதில் படித்தால் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்காது. இரண்டையும் ஆணைக்குழுவின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம், இல்லையென்றால் 1919 என்ற அரசாங்கத் தகவல் இலக்கத்துக்கு அழைத்து எங்கே விசாரிப்பது என்று கேட்கலாம். முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

மேசனா, தச்சா? எதை எடுப்பது?

வேலை எங்கும் எப்போதும் இருப்பது மேசனுக்கு. தச்சு கொஞ்சம் சிக்கலான கதை.

தச்சிலேயே கட்டிடத் தச்சு, தளபாடத் தச்சு என்று இரண்டு இருக்கிறது. கட்டிடத் தச்சர் கூரைச் சட்டம், கதவு ஜன்னல், கொங்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அடிப்பு எல்லாம் செய்வார். இப்போது நகரத்தில் ஜன்னல் முழுவதும் அலுமினியத்துக்குப் போய்விட்டது, கூரைக்கு இரும்புப் பெட்டிக்கம்பி வந்துவிட்டது. அதனால் தச்சு செத்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலகை அடிக்கும் தச்சர் இல்லாமல் ஒரு பீமும் எழும்பாது. சமையலறை அலுமாரி செய்யத் தெரிந்தவருக்கு ஆறு மாத வேலை வரிசையில் நிற்கிறது. குடுமியும் துளையும் சேரும் மூட்டைக் கையால் சுத்தமாக வெட்டத் தெரிந்தால், இயந்திரத்தில் வேலை செய்வது பிறகு தானாக வரும். இயந்திரத்திலேயே தொடங்கியவர், கரண்ட் போனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

மலையகத்துத் தச்சர் மரத்தைத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சவுக்கு மரம் (கிரெவிலியா) சீவ இலகு, ஆனால் பூச்சி பிடிக்கும், மருந்து போடாமல் பாவிக்கக் கூடாது. டர்பன்டைன் என்று சொல்லப்படும் யூகலிப்டஸ் வகைகள் பலமானவை, பச்சையாக அறுத்துப் போட்டால் வெடித்து முறுகிவிடும். பலா கதவு நிலைக்கு அருமையான மரம். நிழலில் அடுக்கி, நடுவில் சிறு கட்டைகள் வைத்துக் காற்றோட்டமாக உலர்த்தினால் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நுவரெலியா ஈரத்தில் இன்னும் கூடப் பிடிக்கும். "மழைக்காலத்தில் கதவு அடைபடவில்லை" என்று வரும் முறைப்பாடுகளில் பாதி, மரம் காயும் முன் செய்த கதவுகள்.

இன்னொன்று: சொந்தத் தோட்டத்துப் பலா மரமானாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா வருகிறது. மரத்தை ஏற்றிப் போக அனுமதிப்பத்திரமும் தேவை. வீட்டுக்காரர் "நீங்களே மரம் பார்த்து எடுங்க பாஸ்" என்றால், பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லொறியோடு பொலிஸில் நிற்கப்போவது வீட்டுக்காரர் இல்லை.

மலை நாட்டில் கட்டுவதற்குத் தனியாக என்ன கற்க வேண்டும்?

பாடப்புத்தகம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் இங்கே மூன்று விஷயங்கள் வேறு: குளிர், மழை, சரிவு.

குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். கொழும்பில் பலகை கழற்றும் நாள் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஆபத்து. பீமின் அடிப்பலகையையும் முட்டுக்களையும் இன்னும் சில நாட்கள் விட்டுவைக்க வேண்டும். குளிராக இருக்கிறது, காயாது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றாமல் விடுவதும் பிழை. ஏழு நாட்களாவது ஈரம் காக்க வேண்டும்.

கலவையிலும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. 1:2:4 என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் மண்வெட்டியால் அளப்பார்கள். 50 கிலோ சீமெந்து மூடை ஏறத்தாழ 1.25 கன அடி. உட்பக்கம் 1 அடி அகலம், 1 அடி நீளம், 15 அங்குல உயரத்தில் பலகையில் ஒரு பெட்டி செய்துகொண்டால், ஒரு மூடைக்கு மணல் 2 பெட்டி, சல்லி 4 பெட்டி. அவ்வளவுதான். தண்ணீர் மூடைக்கு 25 லீற்றர் அளவில். மழையில் நனைந்த மணலென்றால் அதையும் குறைக்க வேண்டும். தண்ணீர் கூடினால் கலவை அள்ள லேசாக இருக்கும், பலம் போய்விடும்.

மழைக்காலம் இடத்துக்கு இடம் மாறும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும். பதுளை, பசறை பக்கம் பெரிய மழை ஒக்டோபருக்குப் பிறகு. அத்திவாரம் தோண்டும் மாதத்தை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரிவுதான் எல்லாவற்றிலும் பெரியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் முழுவதும் சரிந்தது. வீடு கட்ட இடம் வேண்டும் என்று பின்பக்க மேட்டை நெட்டுக்குத்தாக வெட்டுகிறார்கள். வெட்டச் சொல்வது வீட்டுக்காரர், ஆனால் வெட்டுவது நாம். தாங்கு சுவர் கட்டினால் அதன் பின்னால் சல்லிக்கல் நிரப்பி, சுவரில் தண்ணீர் வடியத் துளைகள் விட வேண்டும். துளையில்லாத சுவரை மண் தள்ளுவதைவிடத் தண்ணீர்தான் தள்ளுகிறது. மேட்டுக்கு மேலே ஒரு கான் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கேட்பார்கள். அது வெறும் கடதாசி வேலை என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் வேலை எடுக்காமல் இருப்பதே நல்லது.

படித்துவிட்டு ஊரிலேயே வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் தொடர்ச்சியாகக் கிடைக்காது. தனி வீட்டுத் திட்டங்கள் வரும்போது ஊரில் வேலை நிறைய இருக்கும். 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த அளவு. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தது இன்னும் 10,000. இந்த வீடுகளைக் கட்ட வெளியூர் பாஸ்மாரைக் கூட்டிவரும் நிலை பல தோட்டங்களில் இருந்தது. நம் பையன்கள் அவர்களுக்குக் கல் தூக்கிக் கொடுத்தார்கள். கோபம் வரத்தான் செய்யும்.

கம்பனியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதி கேளுங்கள்: உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். "நாட்சம்பளக்காரருக்கு அதெல்லாம் இல்லை" என்று சைட்டில் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

வெளிநாடு போக இந்தச் சான்றிதழ் உதவுமா?

உதவும், ஆனால் சான்றிதழ் மட்டும் யாரையும் விமானத்தில் ஏற்றாது. மத்திய கிழக்குக் கம்பனிகள் வேலை செய்து காட்டச் சொல்லும். முகவர் வழியாகப் போவதென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று பார்த்துவிட்டுத்தான் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும். கொரியாவுக்கு முகவர் கிடையாது. கொரிய மொழிப் பரீட்சை எழுதிப் பணியகம் மூலமாக மட்டும்தான். "நான் அனுப்புகிறேன்" என்று காசு கேட்பவர் பொய் சொல்கிறார்.

பெண் பிள்ளைகள் சேரலாமா?

சேரலாம், தடையில்லை. படவரைதல், கணிய அளவையியல் பக்கம் பெண் பிள்ளைகள் நிறையப் பேர். வர்ணம் பூசுதல், டைல் பதித்தல் இரண்டிலும் பொறுமையும் சுத்தமும்தான் பாதி வேலை, அதில் அவர்கள் நன்றாக வருகிறார்கள். பெற்றோர் கேட்க வேண்டியது விடுதி பற்றியும், நடைமுறைப் பயிற்சிக்கு அனுப்பும் சைட்டில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்பது பற்றியும். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ். நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் பெயரில்தான் வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, அப்பா பெயர் மூன்றாவது விதமாக. சான்றிதழில் ஒருமுறை பிழையாக அச்சாகிவிட்டால் திருத்த அலைய வேண்டும். அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே பதிவாளரிடம் திருத்திக்கொள்ளுங்கள், அதற்கு நேரமில்லை என்றால் சத்தியக்கடதாசி ஒன்றாவது முடித்து வைத்திருங்கள்.

4ஆம் மட்டத்துக்குப் பிறகு?

வேலை செய்துகொண்டே 5, 6ஆம் மட்ட டிப்ளோமாவுக்குப் போகலாம். அதற்கு மேலே ரத்மலானையில் தொழில்நுட்பத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உயர்தரத்தில் சித்தியடையாதவரும் இந்த ஏணியில் ஏறிப் பட்டம் வரை போக முடியும் என்பது பல வீடுகளில் தெரியாது. இரண்டு வருடம் சைட்டில் நின்றுவிட்டு டிப்ளோமாவுக்குப் போவது நல்லது என்பது என் எண்ணம். கொங்கிரீட் ஊற்றிப் பார்த்தவருக்குத்தான் வகுப்பில் சொல்வது புரியும்.

முதலில் என்ன ஆயுதம் வாங்குவது?

மேசனுக்கு நல்ல கரண்டி, தூக்குக்குண்டு, 2 அடி ரசமட்டம், மூலைமட்டம், 5 மீற்றர் டேப், நூல் உருண்டை. தச்சருக்கு ¼, ½, 1 அங்குல உளிகள், ஒரு கைவாள், சீவுளி, மூலைமட்டம், உளி தீட்டும் கல். ரசமட்டத்தை மட்டும் விலை பார்த்து வாங்க வேண்டாம். கடையிலேயே ஒரு மேசையில் வைத்துப் பாருங்கள், பிறகு முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். இரண்டு தடவையும் குமிழி ஒரே இடத்தில் நிற்காவிட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். மின்சார வெட்டு இயந்திரம் பயிற்சி முடியும்வரை தேவையில்லை. நிலையத்தில் இருப்பதில் பழகி, எது சரி என்று தெரிந்த பிறகு வாங்கலாம். கண்ணாடியும் கையுறையும் முதல் நாளே வாங்குங்கள்.